டேப் ஒட்டிய எழுத்து

டைப்பிங் வகுப்பின் முதல் நாளே, சொல்லித்தர வந்த அந்தப் பெண் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் கத்தரிக்கோலுமாக வந்து நின்றபோது ஆதிகேசவன் தன் கீபோர்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

கரண்டு வேலைக்காரர்கள் வயரில் சுற்றும் டேப். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மேஜை மேல் இருந்த ஆறு கீபோர்டிலும் ஒவ்வொரு பட்டனாக ஒட்டிக்கொண்டே வந்தாள். ஏ போனது. எஸ் போனது. டி போனது. ஒவ்வொன்று மறையும்போதும் யாரோ தன் சட்டைப்பையில் கைவிட்டு ஒன்றொன்றாக உருவுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

“இன்னா மிஸ், இருக்கறதையும் மூடறீங்க?”

“பாக்காம அடிக்கத்தாண்ணா. கண்ணு கீழ வரவே கூடாது. விரலுக்கே இடம் தெரியணும்.”

“எழுத்து தெரியாதவனுக்கு மூடினா பரவால்ல. தெரிஞ்சவனுக்கு எதுக்கு?”

பக்கத்து நாற்காலியில் இருந்த முத்தம்மா களுக்கென்று சிரித்தாள். லேபிள் ஒட்டும் பகுதியில் பதினாலு வருஷம் நின்றே காலம் தள்ளியவள். வாய்க்கு வேலி கிடையாது. “எழுத்து தெரிஞ்சவரு பேசறாரு, கேட்டுக்க மிஸ். பத்து வருஷம் முன்ன வரைக்கும் எங்கண்ணன் சம்பள ரிஜிஸ்டர்ல கட்டவெரல்தான் வெச்சாரு.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆதிகேசவன் சிரிக்கவில்லை.

கன்னடச் சீமையில், ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் குடோன். வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை, குழாய் என்று குளியலறைச் சாமான் எல்லாம் வந்து இறங்கி, கடைகளுக்குப் பிரிந்து போகும் இடம். பத்தொன்பது வருஷமாக அவருக்கு அங்கே லோடிங் வேலை. போன ஆடியில் ஒரு பெட்டியைத் தூக்கி நிமிர்ந்தபோது இடுப்பில் பளிச்சென்று மின்னல் வெட்டியது. அவ்வளவுதான். இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதே சமயத்தில் குடோனுக்குள் பெல்ட் மிஷினும் வந்து இறங்கியது. ஆள் தூக்கிய பெட்டியை இனி மிஷின் தூக்கும்.

ஆபீஸ் ரூமில் எச்.ஆர். கிரண் அவரை உட்காரவைத்துப் பேசினான். நல்ல பையன்தான், கன்னடம் கலந்த பேச்சும் வெண்ணெய்தான். “டென்ஷன் தகோபேடிண்ணா, கவலை வேணாம். ஆறு பேருக்கு டெஸ்க் போடறோம், உங்களுக்கு கேட்ல. உடைஞ்ச சரக்கு வந்தா ரிப்போர்ட் டைப் பண்ணி பிரிண்ட் எடுக்கறது. அஷ்டே, அவ்ளோதான். ஆறு வாரம் கம்பெனி ஃப்ரீயா டைப்பிங் சொல்லித் தரும். நிமிஷத்துக்குப் பதினஞ்சு வார்த்தை அடிச்சா டெஸ்க் உங்களுக்கு.”

“அடிக்கலன்னா?”

கிரண் பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான். “அடிப்பீங்க ண்ணா.”

அந்தப் பதில் ஆதிகேசவனின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. ஃப்ரீயாக எவன் எதைச் சொல்லிக்கொடுப்பான்? தோற்கடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள், தோற்றவனைக் காரணம் காட்டி அனுப்பத்தான் இந்த ஆறு வாரம் என்று சந்தாபுரா போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனார். நாற்பத்தெட்டு வயசில், தூக்க முடியாத இடுப்போடு, எந்த கேட் திறக்கும் அவருக்கு?

சும்மா வந்த சந்தேகம் இல்லை அது.

இருபத்தேழு வயசில் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு நாள் மேஸ்திரி ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டி, புது அடையாள அட்டைக்கு என்று சொன்னான். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கட்டைவிரல் உருட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை கேட் திறக்கவில்லை. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே போனீர்கள் என்றார்கள். அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை லேபர் ஆபீஸில் அலைந்து வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தார். முப்பத்தெட்டு வயசில் சந்தாபுராவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து தமிழ் எழுத்து படித்தார். கன்னட எழுத்தை பஸ் போர்டு கற்றுக்கொடுத்தது. இங்கிலீஷை அட்டைப்பெட்டிகள் கற்றுக்கொடுத்தன. அப்புறம் அந்த ஜெராக்ஸை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஞாயிறு ஞாயிறாக வார்த்தை வார்த்தையாகப் படித்தார். வாலன்டரிலி. ரிசைன். ஓன் வில். நானாகவே வேலையை விட்டுப் போகிறேன் என்று அர்த்தம். இந்த மூன்று வார்த்தையும் எங்கே தலைகாட்டினாலும் அவருக்கு முகம் தெரியும். செத்தாலும் மறக்காது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். கண் பார்க்காத இடத்தில் கை வைக்கக்கூடாது.

இவள் என்னடாவென்றால் பார்க்காமல் கை வை என்கிறாள்.

அவள் பெயர் சங்கமித்ரா. ஹலசூரு பக்கம், பழைய பட்டாளத்துக் கன்டோன்மென்ட் ஆட்கள். வீட்டோடு புத்தரைக் கும்பிடுகிறவர்கள் என்று முத்தம்மா முதல் நாளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். கம்பெனி கம்பெனியாகப் போய்க் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். வகுப்பு மத்தியானம் மூன்றரைக்கு, ஷிஃப்ட் முடிந்ததும், கேன்டீனுக்குப் பக்கத்து அறையில். சாம்பார் வாசனை போகாத அறை.

“ரெண்டு ஆள்காட்டி வெரலையும் வெச்சுத் தடவிப் பாருங்க. ரெண்டு பட்டன்ல மட்டும் சின்னதா மேடு இருக்கும்.”

ஆதிகேசவன் தடவினார். இருந்தது. அரிசியில் கல் நெருடுகிற மாதிரி ஒரு மேடு. சரி, எனக்கு மட்டும் பழுதானதைப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தார். முத்தம்மா தண்ணீர் குடிக்கப் போன சமயம் அவள் கீபோர்டைத் தடவினார். அதிலும் இருந்தது. மறுபக்கம் போர்க்லிஃப்ட் ஓட்டும் சீனுவின் கீபோர்டுக்குக் கையை நீட்டினார்.

“இன்னா தாத்தா, என் கீபோர்ட எதுக்கு தடவுற?”

“உன்துலயும் கீதா?”

“எல்லாத்துலயும் கீது. எஃப்பு, ஜே. வெரலுக்கு வீட்டு நம்பர் மாதிரி. மிஸ் இப்பதான சொல்லிச்சு?”

சொன்னாள்தான். எல்லாவற்றிலும் இருப்பதால் அது பழுது இல்லை என்று ஆகிவிடுமா என்று அவர் யோசித்தார். ஒரு லாரி லோடே பழுதாக வந்து இறங்கியதைப் பார்த்தவர் அவர்.

முதல் வாரம் முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். ஏ எஸ் டி எஃப். ஏ எஸ் டி எஃப். பக்கம் பக்கமாக. பத்து விரலில் எட்டு விரல் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுண்டுவிரலுக்குத் தனியாக வேலை கொடுத்தது அவர் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அது எழுந்து ஒரு பட்டனை அழுத்துவதற்குள் மற்ற மூன்றும் கூடவே விழுந்துவிடும். தோள் வலி, மணிக்கட்டு வலி. பெட்டி தூக்கியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் அடித்ததை பிரிண்ட் எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் கணக்குக்கு. இங்கேதான் ஆதிகேசவன் விழித்துக்கொண்டார்.

அடித்தது ஆறு வரி. கையெழுத்து கீழே. நடுவில் முழங்கை அளவுக்கு வெள்ளை. “வெத்திடம் வுட்டு கையெழுத்து போட்டா அதுல ஊரே குடிவந்துடும்” என்று லேபர் ஆபீஸ் கிளார்க் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அதிலிருந்து எந்தத் தாளானாலும் காலி இடத்தின் குறுக்கே பேனாவால் கோடு இழுத்த பிறகுதான் கையெழுத்து. இங்கே பேனாக் கோடு போதாது என்று தோன்றியது. தாள்தான் கையில், மூலம் மிஷினுக்குள் இருக்கிறதே? அங்கே வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் ராத்திரியில் யார் என்ன ஏற்றுவார்கள் என்று யார் கண்டது?

ஆகவே எக்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தார். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று பக்கத்தின் கடைசி வரைக்கும் நிரப்பினார். அதற்கும் கீழே தன் பெயர்.

சங்கமித்ரா தாளை வாங்கிப் பார்த்தாள். “இது இன்னாண்ணா?”

“காலி எடம் மிஸ். மூடிட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்க பட்டன மூடல? அந்த மாதிரி.”

முத்தம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். “இந்த மனுசன் வூட்ல காபி குடுத்தாலும் டம்ளர கவுத்து அடிய பாத்துட்டுத்தான் குடிப்பாரு மிஸ்.” சங்கமித்ரா மட்டும் சிரிக்காமல் அவரையே ஒரு நொடி பார்த்தாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எக்ஸ் அடிச்சா மை வீணாவும்ணா. மூணு சின்னக் கோடு போட்டு என்ட்டர் தட்டிப் பாருங்க.”

தட்டினார். பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நீளக்கோடு தானாக ஓடியது. ஆதிகேசவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“நான் போட்டது மூணு. இது யாரு போட்டது?”

“மிஷினே போட்டுக்கும்.”

“நாம அடிக்காதத அதுவா போட்டுக்குமா?”

“சில விஷயம் அப்டித்தான்.”

சில விஷயம். அவர் மனசில் குறித்துக்கொண்டார். கவனித்தால் அந்த மிஷின் செய்கிற வேலை எல்லாமே அந்த ரகம்தான். சின்ன எழுத்தில் அடித்தால் பெரிய எழுத்தாக மாற்றுகிறது. எழுத்து முன்னே பின்னே போனால் கேட்காமலே திருத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் தன் பெயரை இங்கிலீஷில் அடித்தவுடன் அதன் அடியில் சிவப்பாக நெளிநெளியாக ஒரு கோடு வந்து உட்கார்ந்தது. குடோனில் சிவப்புக் கோடு போட்ட பெட்டி என்றால் ரிஜெக்ட். ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

“என் பேரு தப்புன்னு சொல்லுதா?”

“அதுக்கு உங்க பேரு தெரியாதுண்ணா. என் பேருக்கும் போடும், பாருங்க.” தன் பெயரை அடித்துக் காட்டினாள். அதற்கும் சிவப்பு வந்தது. “வேணும்னா டிக்‌ஷனரில உங்க பேர சேத்துடலாம். அப்புறம் வராது.”

“எதுல சேக்கறது?”

“மிஷினோட டிக்‌ஷனரில.”

“வேணாம் மிஸ். எதுலயும் சேக்காதீங்க.”

அன்றைக்கு பிரிண்ட் வந்தபோது சிவப்புக் கோடு தாளில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கிரீனில் ஒன்று சொல்லுகிறது, காகிதத்தில் வேறு காட்டுகிறது. இதை நம்பச் சொல்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டின் ஓரத்தில் விரல்கள் தானாக ஆடின. பார்த்துக்கொண்டே இருந்த மனைவி சொர்ணம் கேட்டாள். “அந்த பொண்ணு நல்லா சொல்லித் தருதா?”

“தருது.”

“அப்றம் இன்னா?”

“அதான் பயமா கீது. கிரண் ரூம்ல உக்காந்து டீ குடிச்சுக்கினு பேசிக்கினு இருந்துச்சு. நான் போனதும் பேச்ச நிறுத்திட்டாங்க.”

“நீ போனா நானே பேச்ச நிறுத்துவேன். மூஞ்சிய அப்டி வெச்சுக்கினு போனா?”

மூன்றாம் வாரத்தில் மற்ற ஐந்து பேரும் டேப்பை உரித்துவிட்டார்கள். முத்தம்மாதான் ஆரம்பித்தாள், நகத்தால் சுரண்டி. “மிஸ் வராத நேரம் பாத்து எடுத்துடுண்ணா. எழுத்த பாத்து ரெண்டே வெரல்ல டக்கு டக்குன்னு கொத்தினா கோழி மாதிரி வேகமா போவுது.” சங்கமித்ரா பார்த்துவிட்டுக் கொஞ்சம் திட்டினாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

ஆதிகேசவன் மட்டும் எடுக்கவில்லை. எடுக்க ஆசை இல்லாமல் இல்லை. டேப்பைக் கம்பெனி ஒட்டியிருக்கிறது, அதை உரித்தால் நாளைக்குச் சொத்தைச் சேதப்படுத்தினான் என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்திலேயே, வேறு வழியில்லாமல், குருட்டுத்தனமாகத் தடவிக்கொண்டே கிடந்தார்.

ஒரு நாள் வகுப்புக்கு முன்னால், இறங்கிய வாஷ்பேசின் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பெட்டியையும் மூட்டுவிரலால் தட்டிக்கொண்டே போய், ஒன்றை ஓரம் தள்ளினார். அந்த வழியாக வந்த சங்கமித்ரா நின்றாள்.

“அதுல இன்னாண்ணா?”

“விரிசல்.”

“பிரிக்கவே இல்லயே?”

“தட்டினா தெரியும் மிஸ். நல்லதுன்னா மணி மாதிரி வரும். இது செத்த சத்தம்.”

பிரித்துப் பார்த்தார்கள். பேசினின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

“பாக்காமயே கைக்குத் தெரியுது. அதத்தான நானும் கேக்கறேன்?”

அவர் பெட்டியை மூடி, மேலே சிவப்புக் கோடு போட்டார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், கண்ணைத் தாளின் மேல் வைத்துவிட்டு விரல்களை அவற்றின் போக்கில் விட்டுப் பார்த்தார். பேசின் டேமேஜ் ரிப்போர்ட்தான் பாடம். ‘இரண்டு வாஷ்பேசின்கள் இறக்கும்போது உடைந்திருந்தன.’ பாதி தப்பு. ஆனால் பாதி சரி. எது சரியாகப் போனது என்று அவருக்கே தெரியாமல் சரியாகப் போயிருந்தது. அதைப் பார்த்து சந்தோஷம் வருவதற்குப் பதில், என் கை எனக்குத் தெரியாமல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதே என்று ஒரு திகில்தான் வந்தது. முன்னொரு தடவை கை அப்படிச் செய்ததில்தான் கேட் மூடியது.

ஐந்தாம் வாரம் நிமிஷத்துக்குப் பதினாலு வார்த்தை.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை டெஸ்ட். கிரண் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து, அதிலிருந்து தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாக வைத்தான். சங்கமித்ரா கையில் வேறொரு கட்டு இருந்தது. “சார், டெஸ்டுக்கு அடிக்கற பேசேஜ் நான் கொண்டாந்திருக்கேனே?”

“ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு ரெடி பண்ணிட்டோம் மிஸ். இதே இருக்கட்டும். பத்து நிமிஷம். இருக்கறத இருக்கற மாதிரி அடிக்கணும். ஒரு வார்த்தை விட்டாலும் தப்புக் கணக்கு. அடிச்சு முடிச்சு, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

அவள் முகத்தை ஆதிகேசவன் பார்த்தார். நடிக்கிறாளா, நிஜமா? கண்டுபிடிக்க நேரமில்லை. மணி ஓடத் தொடங்கிவிட்டது.

அறையில் பட்டன் சத்தம். முத்தம்மாவும் சீனுவும் மற்றவர்களும் தலையைக் கவிழ்த்து, எழுத்தைத் தேடித் தேடிக் கொத்தினார்கள். தாளில் ஒரு வார்த்தையைப் பார்ப்பது, குனிவது, எழுத்து எழுத்தாகப் பொறுக்குவது, மறுபடி தாள். ஆதிகேசவன் குனிந்தால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, கறுப்பு டேப்தான். அதனால் குனியவில்லை. கண் தாளின் மேலேயே கிடந்தது. கம்பெனியில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று முதல் வரி. புது வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று அடுத்தது. கடிதம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். நினைக்கும்போதும் விரல் நிற்கவில்லை. அதன் வேலையை அது பார்த்தது; கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் கண் படித்துக்கொண்டே போனது.

ஐந்தாவது வாக்கியம். இடது ஆள்காட்டி விரல் கீழே இறங்கி வி அடித்தது. வலது மோதிர விரல் மேலே ஏறி ஓ அடித்தது, இறங்கி எல் அடித்தது. யூவுக்கு வலது ஆள்காட்டி விரல் ஏறியபோது கண்ணுக்கு அந்த முகம் தெரிந்துவிட்டது.

வாலன்டரிலி.

கை அப்படியே நின்றது. இருபத்தோரு வருஷத்துக்கு முந்தைய கட்டைவிரல் மை காயவே இல்லை போலிருந்தது. வரியின் தலைக்குப் போய், விரலை வைத்து, சந்தாபுராவில் ஞாயிற்றுக்கிழமை படித்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். மூன்று மாதத்துக்குள் என் வேலை திருப்தியாக இல்லையென்று கம்பெனி கருதினால், நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. அடித்தால் டெஸ்க். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும். அடிக்காமல் விட்டால் தப்புக் கணக்கு, டெஸ்க்கே இல்லை. இடுப்பு விண்விண் என்றது.

“முத்தம்மா” என்றார். சாதாரணக் குரலில்தான் கூப்பிட நினைத்தார். அறை முழுக்கக் கேட்டது. “அஞ்சாவது வரில இன்னா அடிச்ச?”

“யாரு கண்டா? எழுத்த தேடறதுக்கே கண்ணு அவுந்து போச்சு. பேசாத ண்ணா, எங்க வுட்டன்னு தெரியாம பூடும்.”

“படி.”

“அண்ணா, டெஸ்ட்ல பேசக்கூடாது” என்றான் கிரண்.

“படி முத்தம்மா. நம்மள நாமளே வேலய வுட்டு அனுப்பற கடுதாசி இது. நம்ம கையாலயே அடிச்சு, நாமளே கையெழுத்து போட்டு குடுக்கறோம்.”

பட்டன் சத்தம் ஒன்றொன்றாக நின்றது. சீனு உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். சங்கமித்ரா வந்து ஆதிகேசவனின் தோளுக்கு மேலே குனிந்து அந்தத் தாளைப் படித்தாள். அவர் தாளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். ஐந்தாவது வரியில் அவள் கண் நின்றது. திரும்பவும் வரியின் ஆரம்பத்துக்குப் போனது. தெரிந்து வைத்திருப்பவள் இரண்டாம் தடவை படிக்க மாட்டாள் என்று அவருக்குப் பட்டது. பட்டதே தவிர, உறுதி இல்லை.

“அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் மிஸ்” என்றான் கிரண். குரலில் வெண்ணெய் அப்படியே இருந்தது. “டைம் போய்ட்டிருக்கு.”

பேசப்போகிறவர் யார் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். முத்தம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

“மிஸ், ஒரு டவுட்டு. ஒரு வாக்கியத்த முழுசா எடுக்கணும்னா எழுத்து எழுத்தா அழிக்கணுமா, இல்ல ஒரேயடியா தூக்கலாமா?”

சங்கமித்ரா கிரணைப் பார்த்தாள். கையிலிருந்த தன் பேசேஜ் கட்டை மேஜை மேல் வைத்தாள். ஆறு வாரமாகப் பாடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

“கன்ட்ரோல புடிச்சுக்கங்க. அந்த வாக்கியத்து மேல எங்கயாவது ஒரு கிளிக். முழுசா கலர் மாறும். மாறுச்சா? இப்ப டெலீட்.”

ஐந்து டெலீட் விழுந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ஆதிகேசவனுக்கு அழிக்க நாலைந்து வார்த்தைதான் இருந்தது. அதை அழித்துவிட்டு, அந்த இடத்தை வெற்றாக விடவில்லை. மூன்று சின்னக் கோடு. என்ட்டர். நீளக்கோடு ஓடிப் போய் ஓரத்தைத் தொட்டது. மிச்சமிருந்த வரிகளை அதற்குக் கீழே அடித்து முடித்தார்.

“மிஸ், ஒரு லைன் விட்டா தப்புன்னு சொன்னேனே?” என்றான் கிரண்.

“ஒருத்தர் வுட்டா அவங்க தப்பு சார். ஆறு பேரும் ஒரே லைன வுட்டா பேப்பர் தப்பு.” அவள் மார்க் ஷீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

கிரண் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கால் மணி நேரம் கழித்து வந்தான். பழைய டெம்ப்ளேட், யாரோ காப்பி பேஸ்ட் பண்ணும்போது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, ஸாரி என்றான். ஆறு பேரும் தலையாட்டினார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. மேஸ்திரிகூட அன்றைக்கு அடையாள அட்டை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான் என்பதும் கூடவே தோன்றியது.

நின்று போன நேரத்தைக் கழித்துப் பார்த்ததில் அவருக்குப் பதினாறு வார்த்தை என்று சங்கமித்ரா எழுதியிருந்தாள். அடுத்த புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் ஆறு பெயரும் இருந்தன. குடோனில் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறு டெஸ்க்குக்கும் ஆள் வேண்டியிருந்தது.

கேட் ரூமில் புது மேஜை. புது கீபோர்டு, எழுத்தெல்லாம் வெள்ளை வெளேரென்று. உட்கார்ந்ததும் பார்த்தால், கேன்டீன் பக்கத்து அறைக்கு அடுத்த பேட்ச் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் புது வாத்தியாராக நடந்தவன், சட்டையை இன் பண்ணிய ஒரு இளைஞன்.

அந்தப் பக்கமாக வந்த கிரணைக் கேட்டார். “மிஸ் வர்லயா சார்?”

“அவங்க கான்ட்ராக்ட் முடிஞ்சுது ண்ணா.”

“முடிஞ்சுதா, முடிச்சிங்களா?”

கிரண் சிரித்தான். “அவங்களே வேற எடம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.”

அவங்களே. அந்த ஐந்தாவது வரியும் இதைத்தான் சொன்னது. மத்தியானம் ஆதிகேசவன் எலக்ட்ரீஷியனிடம் போய் ஒரு உருளை கறுப்பு டேப் வாங்கிவந்தார். கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி, ஏயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பட்டனாக ஒட்டினார். டீ கொண்டுவந்த முத்தம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ, இப்பதான் யாரும் கேக்கலயே ண்ணா. எதுக்கு மூடற?”

“பழகிப்போச்சு.”

அவள் போன பிறகு விரல்களை எஃப்பிலும் ஜேயிலும் வைத்துக் கண்ணை நேரே வைத்தார். மேடு நெருடியது. உடைந்த பேசின் ஒன்றுக்கு ரிப்போர்ட் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வார்த்தை அடித்தவர் நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எஃப் மேலிருந்த டேப்பை நகத்தால் லேசாகத் தூக்கினார். எஃப்தான். அழுத்தி மூடினார்.

ஜேயையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.